முகம் இல்லாத குடும்பப் படம்



முதல் உலகப் போருக்கு முந்தைய வியன்னா நகரத்தைப் பற்றி முன்பு எழுதியது சிலருக்கு நினைவிருக்கும். அதைப் படித்துவிட்டு, ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகள், வியன்னாவில் ஓர் அருங்காட்சியகத்தில் எடுத்த படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "மாமா, இதுல நாலு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் முகமே இல்ல. முடிக்காம விட்ட படமா?" என்று கேட்டிருந்தாள்.

நல்ல கேள்வி. ஃபோனில் பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பவன்தானே நான்.

அது முடிக்காமல் விட்ட படம் அல்ல. 'ஷோன்பெர்க் குடும்பம்' என்று அதற்குப் பெயர். வரைந்தவர் ரிஹார்ட் கெர்ஸ்டல். காலம் 1908 ஜூலைக் கடைசி. தைல வண்ண ஓவியம், ஏறத்தாழ 3 அடி உயரம், மூன்றரை அடி அகலம். படத்தில் இருப்பவர்கள் இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க், அவர் மனைவி மத்தில்டே, 6 வயது மகள் கெர்ட்ரூட், 2 வயது நிரம்பாத மகன் கியோர்க். பசுமைக்கு நடுவே நான்கு பேரும் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. யார் பெரியவர், யார் குழந்தை என்பதும் தெரிகிறது. ஆனால் கண், மூக்கு, வாய் என்று தேடினால் கிடைக்காது. வண்ணத்தைக் கெட்டியாக எடுத்து அப்பி, இழுத்து, அப்படியே விட்டிருக்கிறார். சுவருக்குச் சாந்து பூசுகிறவர் கரணையை இழுத்த தடம் தெரிவதுபோல, ஓவியரின் கை போன தடம் அங்கங்கே தெரியும்.

இதே ஓவியர் இதே ஷோன்பெர்க்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரைந்த படம் ஒன்றும் உண்டு. அது வியன்னா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 6 அடி உயரம். அதில் முகம் தெளிவாக இருக்கிறது. முன்வழுக்கை, கோட்டு சூட்டு, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். நம் ஊரில் தியாகராஜர் படம் என்றால் கையில் தம்புரா இல்லாமல் வரைய மாட்டார்கள். கெர்ஸ்டல் இசைக்காரர் என்பதற்கு அப்படி ஓர் அடையாளமும் வைக்கவில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த உட்காரலிலேயே ஒரு பிடிவாதம் தெரிகிறது. எனக்கு இரண்டில் இந்தப் பெரிய படம்தான் கூடப் பிடிக்கும். அறிஞர்கள் முகமில்லாத படத்தைத்தான் உயர்த்திச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

கெர்ஸ்டல் 1883 செப்டம்பர் 14 அன்று வியன்னாவில் வசதியான வீட்டில் பிறந்தவர். தந்தை யூதர், தாய் கிறிஸ்தவர். 15 வயதிலேயே வியன்னா நுண்கலைக் கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கிரீப்பென்கெர்ல், பழைய முறையில் ஊறியவர். இதே பேராசிரியரிடம்தான் சில ஆண்டுகள் கழித்து எகோன் ஷீலெ என்ற இன்னொரு மேதையும் வந்து சிக்கினார். இரண்டு பேரோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. (ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பேராசிரியர் மேலும் கொஞ்சம் இரக்கம் உண்டு. இப்படி இரண்டு பேரை ஒருவரே சமாளிப்பது லேசா?) கோடை விடுமுறைகளில் கெர்ஸ்டல் நாகிபான்யா என்ற ஊருக்குப் போய் ஹொல்லோஷி என்ற ஹங்கேரிய ஓவியரிடம் கற்றார். அந்த ஊர் இன்று ருமேனியாவில் இருக்கிறது.

பிறகு லெஃப்லர் என்ற ஆசிரியர். இவர் கெர்ஸ்டலின் திறமையைப் புரிந்துகொண்டவர், தனி அறைகூட ஒதுக்கிக் கொடுத்தார். அந்த உறவும் முறிந்தது. 1908இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட வியன்னாவில் பெரிய ஊர்வலம் நடந்தது. அதற்கான அலங்கார வேலைகளில் லெஃப்லர் முழுமூச்சாக ஈடுபட்டிருந்தார். ஒரு கலைஞன் செய்கிற வேலையா இது என்று மாணவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த ஆண்டு மாணவர் கண்காட்சியில் கெர்ஸ்டலின் படங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அமைச்சகத்துக்கே புகார் எழுதிப் பார்த்தார், பலனில்லை. இன்னொரு கதையும் சொல்வார்கள். பெயர்பெற்ற காட்சிக்கூடம் ஒன்று அவர் படங்களை வைக்க முன்வந்தபோது, க்ளிம்ட்டின் படங்கள் தொங்குகிற இடத்தில் என் படம் வேண்டாம் என்று மறுத்துவிட்டாராம். ஊரே க்ளிம்ட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடிய காலம் அது. வாழ்ந்த 25 ஆண்டுகளில் கெர்ஸ்டலின் ஒரு படம்கூடப் பொதுக் கண்காட்சியில் வைக்கப்படவில்லை.

ஓவியர்களோடு பழகப் பிடிக்காத இந்த இளைஞருக்கு இசைக்காரர்களைப் பிடித்திருந்தது. கச்சேரி தவறாமல் போவார். அப்படித்தான் 1906 வாக்கில் ஷோன்பெர்க்கின் வட்டத்துக்குள் வந்தார்.

ஷோன்பெர்க் அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். வங்கி எழுத்தராக இருந்து வேலையை விட்டவர். முறையான இசைக் கல்லூரிப் படிப்பு கிடையாது. செம்லின்ஸ்கி என்ற நண்பரிடம் கொஞ்சம் கற்றார், மீதி தானாகவே. அந்தச் செம்லின்ஸ்கியின் தங்கைதான் மத்தில்டே. 1901இல் திருமணம். பிறர் எழுதிய இசை நாடகங்களுக்கு வாத்தியப் பகுதி எழுதிக் கொடுத்துதான் வீட்டில் அடுப்பெரிந்தது. ஓவியம் கற்றுக்கொண்டால் உருவப்படம் வரைந்தாவது நாலு காசு பார்க்கலாம் என்றும் நினைத்தார். கெர்ஸ்டல் கணவன் மனைவி இருவருக்கும் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். வீட்டிலேயே கிடந்தார். அவர்கள் இருந்த தெருவிலேயே தமக்கும் ஓர் அறை பிடித்துக்கொண்டார். மத்தில்டேயை மட்டும் பல படங்கள் வரைந்திருக்கிறார்.

ஷோன்பெர்க்கின் இசையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் சங்கீதத்தில் ஆதார ஸட்ஜம் என்று ஒன்று இருக்கிறது. தம்புராவில் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். பாடகர் எங்கே போனாலும் கடைசியில் அங்கே வந்து இறங்குவார். மேற்கத்திய இசையின் அமைப்பு வேறு. அவர்கள் பாட்டின் நடுவே சுருதியை மாற்றுவார்கள். ஆனாலும் திரும்பி வர ஒரு வீடு அங்கேயும் உண்டு. ஷோன்பெர்க் அந்த வீட்டையே எடுத்துவிட்டார். எந்தச் சுரமும் தலைமைச் சுரம் இல்லை. எங்கே இறங்குவது என்று கேட்பவருக்குத் தெரியாது. இந்த மாற்றம் கண்முன் நடப்பது அவருடைய இரண்டாவது நரம்பிசை நால்வர் குழுப் படைப்பில். அதன் கடைசிப் பகுதிக்குச் சுருதிக் குறியீடே கிடையாது. நான்கு கருவிகளுக்கு மட்டும் என்று வழிவழியாக வந்த வடிவத்தில் ஒரு பெண் குரலையும் சேர்த்தார். 1908 டிசம்பர் 21 அன்று வியன்னாவில் முதன்முதலாக வாசித்தபோது அரங்கில் சிரிப்பும் கூச்சலும். அந்தப் படைப்பை அவர் காணிக்கையாக்கியது 'என் மனைவிக்கு'.

இப்போது அந்த 1908 கோடைக்கு வருவோம். ட்ரவுன்சே என்ற ஏரிக்கரையில், க்முன்டன் ஊருக்கு அருகில், ஷோன்பெர்க் குடும்பம் விடுமுறைக்குத் தங்கியிருந்தது. நண்பர்களும் சீடர்களும் அக்கம்பக்கத்துப் பண்ணை வீடுகளில் இருந்தார்கள். கெர்ஸ்டலும் இருந்தார். ஜூலைக் கடைசியில் நம் படத்தை வரைந்தார். ஆகஸ்டு கடைசியில், மத்தில்டேக்கும் கெர்ஸ்டலுக்கும் இருந்த உறவு ஷோன்பெர்க்குக்கு நேரடியாகத் தெரியவந்தது. மத்தில்டே கெர்ஸ்டலோடு வியன்னாவுக்குப் போய்விட்டார். குழந்தைகளை முன்னிட்டுத் திரும்பி வரும்படி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். அதில் முன்னின்றவர் ஷோன்பெர்க்கின் மாணவர் அன்டன் வெபர்ன், பின்னாளில் பெரிய இசையமைப்பாளர். மத்தில்டே வீடு திரும்பினார். வட்டம் மொத்தமும் ஷோன்பெர்க் பக்கம் நின்றது. கெர்ஸ்டலுக்குக் காதல் மட்டும் போகவில்லை. பேச இருந்த மனிதர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள்.

1908 நவம்பர் 4. வியன்னாவின் பெரிய இசை மன்றமான மூஸிக்ஃபெரைனில் ஷோன்பெர்க்கின் மாணவர்கள் கச்சேரி. வெபர்னின் 'பாஸகாலியா' அன்றுதான் அரங்கேறியது. கெர்ஸ்டலுக்கு அழைப்பு இல்லை. அன்றிரவு தம் அறையில் கடிதங்களையும் சில படங்களையும் எரித்துவிட்டு, உயிரை மாய்த்துக்கொண்டார். எப்படி என்பதைப் பல நூல்கள் விவரமாக எழுதியிருக்கின்றன. நான் எழுதப் போவதில்லை. 25 வயது. இதைப் படிக்கிறவர்களில் அந்த வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது போலத் தோன்றினால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடலாம். என் எண் மாறவில்லை.

இனி வரலாற்று வாத்தியாராக ஒரு விஷயம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு சுலபமான முடிச்சுப் போடுகிறார்கள். காதலியின் குடும்பத்தின் மேல் பொறாமை, அதனால் கெர்ஸ்டல் அவர்கள் முகத்தை அழித்து வரைந்தார். மனைவி பிரிந்த அதிர்ச்சி, அதனால் ஷோன்பெர்க்கின் இசை சுருதியை விட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சினிமாவுக்கும் பொருந்தும். ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். (ஒன்பதாம் வகுப்பில் உங்களைக் காலக்கோடு போடச் சொல்லிப் படுத்தினேனே, இதற்குத்தான்.) குடும்பப் படம் ஜூலைக் கடைசி. உறவு வெளிப்பட்டது ஆகஸ்டுக் கடைசி. படம் வரையும்போது கெர்ஸ்டல் அந்தக் குடும்பத்தின் விருந்தாளி. அவர் அதே கோடையில் அதே முரட்டுக் கையோடு வேறு படங்களும் வரைந்தார். ஏரிப் பின்னணியில் செம்லின்ஸ்கியின் படம் அவற்றில் ஒன்று. செம்லின்ஸ்கி மேல் அவருக்கு என்ன பொறாமை?

இசையும் அப்படித்தான். அந்த நால்வர் படைப்பின் முதல் பகுதி 1907இலேயே முடிந்துவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் முடிந்தது 1908 ஜூலையில். இரண்டாம் பகுதியில், எல்லாம் போச்சு என்று பாடும் ஒரு பழைய தெருப்பாட்டின் மெட்டு திடீரென்று தலைகாட்டும். மனைவி போனதைத்தான் சொல்கிறார் என்று இதற்கும் விளக்கம் எழுதுகிறார்கள். மனைவி வீட்டைவிட்டுப் போனது அது எழுதி முடித்து ஒரு மாதம் கழித்து. மனத்தாங்கல் முன்பே இருந்திருக்கலாம் என்று வாதிடலாம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுச் சண்டையால் மட்டும் ஒரு நூற்றாண்டு இசை திசைமாறியது என்பது, ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டால் முதல் உலகப் போர் வந்தது என்று பரீட்சையில் எழுதுவது மாதிரி. அதற்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

பிறகு முகம் ஏன் போனது? படத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். வெயிலில், திறந்த வெளியில், நெருக்கமாக இருக்கும் நான்கு பேரை நாம் உண்மையில் மூக்கும் விழியுமாகப் பார்ப்பதில்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு கூட்டமாகத்தான் பார்க்கிறோம். அந்தப் பார்வையை அப்படியே பிடிக்க நினைத்திருக்கிறார், வேகமாக. நண்பர் இசையில் 'வீடு' இல்லாமலும் ஒரு படைப்பு நிற்கும் என்று அங்கே பக்கத்துப் பண்ணை வீட்டில் சோதித்துக்கொண்டிருக்கிறார். முகம் இல்லாமலும் ஓர் உருவப்படம் நிற்குமா என்று இவர் சோதிக்கிறார். ஒரே கோடை, ஒரே ஏரிக்கரை. யார் யாரிடம் கற்றார் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஷோன்பெர்க் 30 ஆண்டு கழித்து, 1938இல் அமெரிக்காவில் இருந்தபோது, கெர்ஸ்டல் எனக்குக் கற்றுத்தரவில்லை, என் படங்களைப் பார்த்துத்தான் அவர் மாறினார் என்ற பொருளில் எழுதி வைத்தார். அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பதில் சொல்ல எதிராளி இல்லாத வழக்கு அது. ஷோன்பெர்க்கின் ஓவியங்களையும் பார்த்திருக்கிறேன், அச்சில்தான். வெறித்த கண்களும் மங்கிய முகங்களுமாக அவற்றுக்கென்று ஒரு வலிமை உண்டு. ஆனால் தூரிகை பிடித்த கையின் பயிற்சியில் இருவருக்கும் எட்டாத தூரம்.

மரணத்துக்குப் பிறகு வந்தது மௌனம். ஷோன்பெர்க் வட்டத்தில் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. கெர்ஸ்டலின் குடும்பமும் வெளியில் பேசவில்லை. அப்படி இறந்தவரின் புகைப்படத்தைக்கூட மாட்டாத வீடுகள் நம் ஊரிலும் உண்டு; எனக்கே தெரியும். ஆனால் கெர்ஸ்டலின் அண்ணன் அலோய்ஸ் ஒரு காரியம் செய்தார். மிஞ்சிய படங்களைக் குப்பையில் போடாமல், பெட்டி கட்டிச் சாமான் கிடங்கு ஒன்றில் வைத்தார். மத்தில்டே அந்த அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மிஞ்சி வாழ்வது தமக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று அதில் சொல்கிறார். வாழ்நாள் முழுக்க ஊர் வாயில் அகப்பட்டவர் அந்தப் பெண்தான். ஓவியரை மேதை என்றார்கள், கணவரை மேதை என்றார்கள், நடுவில் இருந்தவருக்குப் பழி மட்டும் மிஞ்சியது. அவரும் ஓவியம் கற்றவர் என்பதை எத்தனை பேர் குறிப்பிடுகிறார்கள்?

படங்கள் 23 ஆண்டு இருட்டில் கிடந்தன. இடையில் ஒரு போர் வந்து போனது, பேரரசே மறைந்தது. 1931இல் அலோய்ஸ், வியன்னாவில் 'நோயெ கலெரி' என்ற காட்சிக்கூடம் நடத்திய ஓட்டோ காலிரிடம் போய், தம்பி வரைந்த படங்கள் இருக்கின்றன, பார்க்கிறீர்களா என்று கேட்டார். காலிர் பார்த்தார். அந்த ஆண்டே கண்காட்சி வைத்தார். மியூனிக், பெர்லின் என்று மற்ற ஊர்களுக்கும் படங்கள் போயின. கெர்ஸ்டல் தம் படங்களில் கையெழுத்தோ தேதியோ போடுகிற வழக்கம் இல்லாதவர். எது எந்த ஆண்டு என்று வரிசைப்படுத்துவதே பெரும் வேலையாக இருந்தது, இன்னும் அதில் வாதங்கள் ஓய்ந்தபாடில்லை. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், யூதரான காலிர் நாட்டைவிட்டு வெளியேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கெர்ஸ்டல் மறுபடி ஓரம்கட்டப்பட்டார். இன்று மிஞ்சியிருப்பவை 60க்குச் சற்று மேற்பட்ட ஓவியங்கள்தான்.

அறிஞர்கள் ஏன் முகமில்லாத படத்தை உயர்த்துகிறார்கள் என்று சொல்வதாகச் சொன்னேனே. வியன்னாவில் வெளிப்பாட்டியம் என்கிற எக்ஸ்பிரஷனிஸம், அதாவது கண்ணுக்குத் தெரிவதைவிட மனம் உணர்ந்ததை வரைவது, கோகோஷ்கா, ஷீலெ ஆகிய இருவரில் தொடங்குகிறது என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். அவர்களுடைய அந்த வகைப் படங்கள் 1909, 1910இல் வருகின்றன. கெர்ஸ்டலின் படம் 1908. ஆனால் அதை 1931 வரை யாரும் பார்க்கவில்லையே. பார்க்காத படத்திலிருந்து யார் கற்றுக்கொள்ள முடியும்? முதலில் செய்தவர் இவர், இவருக்குப் பின்னால் வந்தவர்கள் என்று யாரும் இல்லை. வரலாற்றுப் புத்தகத்தில் இப்படிப்பட்டவரை எந்த அத்தியாயத்தில் வைப்பது என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி.

மத்தில்டே 1923இல் இறந்தார், படங்கள் வெளியே வருவதற்கு 8 ஆண்டு முன்பு. ஷோன்பெர்க் அடுத்த ஆண்டு மறுமணம் செய்துகொண்டார். 1933இல் நாஜிகளால் பெர்லின் வேலையை இழந்து அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலஸில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, 1951இல் அங்கேயே காலமானார். குடும்பப் படம் சுவிட்சர்லாந்தின் காம் குடும்பத்தாரிடம் இருந்து, 1969இல் அவர்கள் நன்கொடையாக வியன்னாவின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. படத்தில் ஒரு வண்ணத் திட்டாக இருக்கும் அந்தச் சின்னப் பையன் கியோர்க் அப்போது 60 வயது தாண்டி ஆஸ்திரியாவிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். இறந்தது 1974இல்.

இரண்டு படங்களையும் கீழே இணைத்திருக்கிறேன். ஃபோனில் பார்ப்பவர்கள் குடும்பப் படத்தை முதலில் கையை நீட்டித் தள்ளிவைத்துப் பாருங்கள், பிறகு பெரிதாக்குங்கள். யாருக்கு எது பிடித்தது என்று எழுதுங்கள்.